மாண்டோர்க்கு நீதி

இறந்தோரைப் புகழ்வது எளிது; அவர்தம் வாழ்க்கையை உள்ளபடி எழுதி வைப்பது அரிது. புகழுரைக்கு நாவன்மை போதும். ஜீவிய சரித்திரத்திற்கோ, கடிதங்களையும் தஸ்தாவேஜுகளையும் துருவி ஆராயும் பொறுமையும், வேண்டியவரிடத்தும் குற்றங் காணும் நெஞ்சுரமும் வேண்டும். பிரிட்டிஷார் இக்காரியத்தைச் செய்த விதத்தை நேயர்கள் அறிதல் நலமெனக் கருதுகிறோம்.

லண்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்றொரு பிரசுரகர்த்தர் இருந்தார். உலகத்துப் பெரியோர் அனைவரின் சரிதைகளையும் ஓர் அகராதியாகத் தொகுக்க அவர் எண்ணினார். அது எல்லையற்ற வேலை, பிரிட்டிஷாரோடு நிறுத்துவதே தகும் என்று லெஸ்லி ஸ்டீபன் என்னும் அறிஞர் யோசனை கூறினார். 1882-ல் ஸ்டீபனே ஆசிரியரானார். 1885 ஜனவரியில் முதற்சம்புடம் வெளிவந்தது. பின்னர் மூன்று மாதத்திற்கு ஒன்றாகத் தவணை தவறாது வந்து, 1900-ல் 63 சம்புடங்கள் நிறைவெய்தின. சரிதைகள் ஏறக்குறைய 29,000. எழுதினோர் அறுநூற்றுக்கு மேற்பட்டோர். உடல் நலிந்து 1891-ல் ஸ்டீபன் விலகவே, துணையாசிரியராயிருந்த ஸிட்னி லீ பாரத்தை ஏற்று முடித்தார். செலவை ஏற்றவர் ஸ்மித்.

உயிரோடிருப்போர்க்கு அதில் இடமில்லை. அலங்காரச் சொற்கள் விலக்கப்பட்டன. ஒவ்வொரு சரிதையின் ஈற்றிலும் ஆதாரங்கள் குறிக்கப்பட்டன. இம்முறை வக்கீல்களுக்குப் புதிதன்று. ஸ்டீபனின் தமையனார் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபனே 1872-ம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டத்தை வகுத்தவர். 2024 ஜூலையில் புதுச் சட்டம் அமலாகும் வரை அது நம் நீதிஸ்தலங்களில் வழங்கிற்று. சாட்சியமின்றித் தீர்ப்பில்லை என்னும் விதியைத் தமையனார் வழக்குகளுக்கு வகுத்தார். தம்பியார் மாண்டோர் சரிதைகளில் அதனைக் கைக்கொண்டார்.

ஆயினும் அந்நூல் குற்றமற்றதன்று. பெண்மணிகளின் சரிதைகள் அதில் மிகச் சிலவே. 1889-ல் மாண்ட ஜெரார்ட் மான்லி ஹாப்கின்ஸ் என்னும் கவிக்கு இடமே இல்லை. அவர் கவிதைகள் நூலாக வெளிவந்தது 1918-ல் அன்றோ! வீட்டுப் பணிப்பெண்களின் சரிதைகள் அதில் இல்லையே என வருந்தி 1938-ல் எழுதியவர் யார்? ஸ்டீபனின் சொந்தப் புதல்வியாகிய வர்ஜீனியா உல்ப்!

இக்குறைகளை அவர்கள் மூடி மறைத்தார்களா? இல்லை. விடுபட்டோர்க்கென்றே 1993-ல் தனிச் சம்புடம் ஒன்று வெளியிட்டனர். ஹாப்கின்ஸ் அதில் இடம் பெற்றார். 1992-ல் காலின் மாத்யூ என்னும் சரித்திராசிரியர் நூல் முழுவதையும் புதுப்பிக்கத் தொடங்கி, 1999-ல் வேலை முடியுமுன்னே காலஞ்சென்றார். பிரையன் ஹாரிஸன் தொடர்ந்து நடத்த, 2004-ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை அச்சகத்தார் 60 சம்புடங்களாக வெளியிட்டனர். சரிதைகள் 50,000-க்கு மேல். பெண்மணிகள் சுமார் பத்தில் ஒரு பங்கினர். பிரிட்டனை எதிர்த்துப் போர் நடத்திய ஜார்ஜ் வாஷிங்டனும் அதில் உளர். 1922-ல் ராஜத்துவேஷக் குற்றத்திற்கு ஆறு வருஷத் தண்டனை பெற்ற மகாத்மா காந்தியும் உளர்.

அன்று சர்க்கார் கோர்ட்டு அளித்த தீர்ப்பைச் சரித்திரம் மறுவிசாரணை செய்துவிட்டது. தக்கோரை விட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு, விட்டதைச் சேர்த்த நேர்மையையே நாம் பெரிதெனக் கொள்கிறோம். ஊர்தோறும் படத்திறப்பு நடத்தும் அன்பர்கள், அப்பெரியாரின் கடிதங்களையும், அவரை நேரில் அறிந்தோர் வாக்குமூலங்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்களா? மாலை மறுநாளே வாடிவிடும். ஆதாரம் அழிந்துபட்டால் பின்வருவோர் எதனைக்கொண்டு உண்மை காண்பர்?