பழுது எங்கே? யார் சொல்வது சரி?

ஒரு கார் பணிமனைக்கு வருகிறது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் மெதுவாகச் சுழல்கிறது, கிளம்ப மறுக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரை ஓடவிட்டபடியே வோல்ட் மீட்டரை வைத்து அளக்கிறார்கள். பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 11 வோல்ட் இருக்கிறது. மோட்டாரின் முனைகளிலோ 8.5 வோல்ட்தான்!

"பேட்டரி கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும்" என்கிறார் மெக்கானிக் ஏ. "கேபிளிலோ அதன் இணைப்பிலோ மின்தடை மிகுந்துவிட்டது" என்கிறார் மெக்கானிக் பி. யார் சொல்வது சரி? ஏ மட்டுமா, பி மட்டுமா, இருவருமா, இருவருமே இல்லையா?

மாணவ நண்பர்களே, மேலே படிக்குமுன் சற்று யோசியுங்கள். அமெரிக்காவில் கார் மெக்கானிக்குகளுக்கு நடைபெறும் தேர்வில் இத்தகைய 'ஏ–பி' வினாக்கள் மிகவும் பெயர் பெற்றவை.

அத்தேர்வு ஏன் வந்தது? அந்நாட்டில் 1960-களில் கார் பழுதுபார்ப்பைப் பற்றிப் புகார்கள் பெருகின. கெடாத பாகத்தை மாற்றிவிட்டுப் பணம் வாங்கினால் யாருக்குத்தான் கோபம் வராது? திறமையுள்ள மெக்கானிக்கைப் பொதுமக்கள் இனங்காண வழி வேண்டும் என்று 1972-இல் ஏ.எஸ்.இ. என்னும் தனி நிறுவனம் தொடங்கப்பட்டது. எஞ்சின், பிரேக், மின் அமைப்பு என 8 பிரிவுகளில் அது தேர்வு நடத்துகிறது. எட்டிலும் தேறியவர் 'மாஸ்டர் டெக்னீஷியன்' ஆவார். ஆனால் விடைத்தாளை வைத்துக் கைத்திறனை அளக்க முடியாதல்லவா? ஆகவே, தேர்வில் வென்றால் மட்டும் போதாது. 2 ஆண்டுப் பணி அனுபவமும் வேண்டும். பயிற்சி பெற்றவர்களுக்கு அதில் ஓராண்டு வரை சலுகை உண்டு.

டீலர்களின் பணிமனையில் வேலை செய்வோருக்குக் கார் நிறுவனங்களே தனிப் பயிற்சியும் அளிக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸ் 1979-இல் தொடங்கிய திட்டத்தில், மாணவர் சில வாரம் கல்லூரியில் படிப்பார். பிறகு சில வாரம் டீலரின் பணிமனையில் வேலை செய்வார். பயிற்சிக்கூடங்களில் ஆசிரியர் நல்ல காரிலேயே வேண்டுமென்று ஒரு பழுதை ஒளித்து வைப்பதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க வேண்டியது மாணவரின் பொறுப்பு.

சரி, நம் காருக்கு வருவோம். மோட்டார் ஓடும்போதும் பேட்டரி 11 வோல்ட் தருகிறது. ஆகவே அது நலமாகவே இருக்கிறது. வழியில் 2.5 வோல்ட் காணாமற்போயிற்று. மின்னோட்டம் 125 ஆம்பியர் என்று கொள்வோம். ஓம் விதிப்படி மின்தடை 2.5 ÷ 125 = 0.02 ஓம். எவ்வளவு சிறிய எண்! ஆனால் அவ்வளவு பெரிய மின்னோட்டத்துக்கு அதுவே பெரும் தடை. மோட்டாரை ஓடவிடாமல் சாதாரண ஓம் மீட்டரைக் கொண்டு சோதித்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கும். பி சொன்னதே சரி. முனையில் படிந்த துருவைச் சுரண்டி, இணைப்பை இறுக்கினாலே கார் கிளம்பிவிடக்கூடும்!

ஏ சொன்னபடி செய்திருந்தால்? புதுப் பேட்டரிக்குப் பணம் போயிருக்கும். பழுது அப்படியே இருந்திருக்கும். வேறொரு நாள் இதே அவசர முடிவு பிரேக் விஷயத்தில் நேர்ந்தால், போவது பணம் மட்டுமல்ல.

இன்னொரு செய்தி. இந்தச் சான்றிதழ் 5 ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு தன் அறிவு பழையதாகிவிடவில்லை என்று மெக்கானிக் மீண்டும் காட்ட வேண்டும். 1972-ஆம் ஆண்டுக் காரின் பேட்டரி 12 வோல்ட். இன்றைய மின்சாரக் கார்களை ஓட்டும் பேட்டரியோ பல நூறு வோல்ட். கவனமின்றித் தொட்டால் உயிருக்கே ஆபத்து. அவ்வகை வண்டிகளுக்கென்று தனித் தேர்வும் வந்துவிட்டது.

உங்கள் வீட்டு மின்விளக்கு எரியாதபோது உடனே புது பல்பு வாங்க ஓடுகிறீர்களா? அந்தப் பல்பை வேறொரு ஹோல்டரில் போட்டுப் பார்க்கிறீர்களா? இரண்டாவது வழியைப் பின்பற்றினால், நீங்களும் மெக்கானிக் பி-யின் கட்சிதான்!