மீன் தொட்டியோடு கொசுவையும் வளர்க்காதீர்கள்

கொளத்தூரில் ஃபைட்டர் மீன் ஜோடி வாங்கிவந்து வீட்டில் குஞ்சு பொரிக்க வைப்பவர்கள் நம் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் உண்டு. பொரிப்பது எளிது, பிழைக்க வைப்பதுதான் பாடு. குஞ்சின் வாய்க்கு உருண்டைத் தீவனம் நுழையாது. சாக்கடையில் அள்ளும் டியூபிஃபெக்ஸ் புழுவோ நோயையும் கூட்டிவரும்.

முதல் சில நாட்களுக்குக் காய்ந்த வாழையிலை ஊறிய நீரில் உண்டாகும் நுண்ணுயிர்கள் போதும். பிறகு மொய்னா. இறாலுக்குத் தூரத்து உறவு, குண்டூசித் தலையளவுதான். நமது வெயிலையும் தாங்கும். 20 லிட்டர் டப்பில் குளோரின் இல்லாத தண்ணீர் ஊற்றி, மீன் தொட்டியின் பச்சைத் தண்ணீர் கொஞ்சம் சேர்த்து, கடையில் வாங்கிய மொய்னாவை விடுங்கள். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் ஒரு சிட்டிகை கரைத்து ஊற்றலாம். தண்ணீர் தெளிந்த பிறகே மறுபடி ஊற்ற வேண்டும். ஆசைப்பட்டு அதிகம் போட்டால் நாறிவிடும், மொய்னா மொத்தமும் சாகும். ஒரு வாரத்தில் பெருகிவிடும். தினமும் கால் பங்குக்கு மேல் வடிக்காதீர்கள்.

கவலை வேறு. மூடாத டப்பில் டெங்கு கொசு முட்டையிடும். ஏழு முதல் பத்து நாளில் பறக்கும். கொசுப்புழு மீனுக்கு நல்ல தீனிதான், அதற்காக அதை வளர்க்க வேண்டாம். பக்கத்து வீட்டிலும் பச்சைக் குழந்தை இருக்கிறது. கொசுவலைத் துணியால் டப்பை இறுக்கிக் கட்டுங்கள். ஊருக்குப் போவதானால் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.