பவர் டேபிள் இரைச்சல்: அன்றும் இன்றும்

மின்வெட்டு வந்தால்தான் பனியன் கம்பெனிக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழும் என்றொரு காலம் திருப்பூரில் இருந்தது. கரண்ட் போன அடுத்த நொடி, அதுவரை கத்திப் பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல் மட்டும் தனியாக உயர்ந்து நிற்கும். எல்லோரும் சிரிப்பார்கள். ஜெனரேட்டர் எடுத்ததும் மறுபடி கைஜாடைதான். நூல் தீர்ந்துபோச்சு, ஊசி ஒடிஞ்சுபோச்சு, கட்டு இன்னும் வரலை என எல்லாவற்றுக்கும் ஒரு ஜாடை இருந்தது.

தைக்கிற சத்தம்தான் அது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஊசி துணியில் இறங்கி ஏறுவதில் அவ்வளவு இரைச்சல் கிடையாது. மோட்டாரிலிருந்து ஊசிவரை ஓட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழியில்தான் அதன் பெரும்பகுதி பிறந்தது. அந்த வழி எப்படி இருந்தது, இன்று எப்படி மாறியிருக்கிறது என்பதைப் பார்த்தால், இந்த ஊரின் காதுகளுக்கு என்ன நடந்தது என்பதும் தெரிந்துவிடும்.

பழைய பவர் டேபிளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நீளமான மேஜை. இரண்டு பக்கமும் எதிரெதிராக மெஷின்கள். மேஜைக்கு அடியில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே ஷாஃப்ட். அதைத் தாங்க இடையிடையே பேரிங்குகள், ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு புல்லி, ஒரு பெல்ட். முனையில் ஒரே ஒரு மோட்டார். சுவிட்சைப் போட்டால் மேஜை முழுக்க ஷாஃப்ட் சுழலும். ஒருவர் தைத்தாலும் பத்துப் பேர் தைத்தாலும் அது சுழன்றுகொண்டேதான் இருக்கும். டெய்லர் பெடலை மிதித்தால் கிளட்ச் சேர்ந்து அவருடைய மெஷினுக்கு மட்டும் ஓட்டம் கிடைக்கும்.

ஒரே மோட்டார்தானே, சத்தமும் குறைவாகத்தானே இருக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. நீள ஷாஃப்ட் என்பது பல துண்டுகளைச் சேர்த்துப் போட்டது. ஒரு இணைப்பு முடி அளவு கோணலாக இருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் அது பேரிங்கை ஒருமுறை இடிக்கும். புல்லியின் கீ தேய்ந்து லூசாகிவிட்டால் பெடல் மிதிக்கிறபோதெல்லாம் ஒரு ‘டக்’. பெல்ட்டை இணைத்த கொக்கி புல்லி மேல் ஏறும்போது இன்னொரு ‘டக்’. இத்தனை அதிர்வும் மேலே போய்ச் சேரும் இடம் மேஜையின் பிளைவுட் பலகை. தவிலின் தோல்போல அது எல்லாவற்றையும் வாங்கிப் பெரிதாக்கிக் கொடுக்கும். கீழே முனகுகிற ஷாஃப்ட், டெய்லரின் நெஞ்சுக்கு நேரே வந்து கத்தும்.

அன்றைய மெஷின் மெக்கானிக் இதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுப்பார். முனையை பேரிங்கின் கூட்டில் அழுத்துவார். கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கிற எலும்பில் வைத்துக்கொள்வார். சுற்றிலும் அத்தனை இரைச்சலிலும் அந்த ஒரு பேரிங்கின் குரல் மட்டும் இரும்பு வழியாக ஏறிவரும். சீராக ‘ம்ம்ம்’ என்றால் நல்லது. மணல் அரைப்பதுபோலக் கேட்டால் பால் தேய்ந்துவிட்டது. விட்டுவிட்டுத் தட்டினால் பேரிங் மேல் குற்றமில்லை, இணைப்பைத்தான் பார்க்க வேண்டும். “பேரிங் இல்லீங்க்கா, புல்லி கோணல்” என்று சொல்லிவிட்டு மேஜைக்கு அடியில் படுத்துவிடுவார். நூல் பிடித்து, ஷாஃப்டுக்கு அடியில் தகடு கொடுத்து, ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவந்து போல்ட்டை இறுக்குவார். எந்தக் கருவியும் சொல்லாததை அவர் காது சொல்லியது. அந்தக் காதும் அதே இரைச்சலில்தான் தேய்ந்தது.

1978 வாக்கில் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் பனியன் தேடி வந்ததிலிருந்து ஊரின் கதை மாறியதை எல்லோரும் சொல்வார்கள். எண்பதுகளில் ஆர்டர் குவிந்தது. ஏற்றுமதியாளர் சங்கம் 1990-ல் உருவானது. டி-சர்ட்டுக்கு ஓவர்லாக்கும் பேட்லாக்கும் வேகமாக ஓட வேண்டும். பொது ஷாஃப்ட் அந்த வேகத்துக்குத் தாங்காது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மோட்டார் வந்தது. அதுதான் கிளட்ச் மோட்டார்.

ஷாஃப்ட் போனதில் இணைப்பின் இடியும் பெல்ட் கொக்கியின் தட்டலும் போயின. இரைச்சல் மட்டும் போகவில்லை. கிளட்ச் மோட்டார் நம் 50 சைக்கிள் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,850 சுற்று ஓடும். டெய்லர் பெடலில் கால் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஓடும். பெடலைப் பாதி மிதித்து மெதுவாகத் தைக்கும்போது கிளட்சின் கார்க் தட்டு வழுக்கிக்கொண்டே உராயும்; அந்த உராய்வுக்குத் தனியாக ஒரு கீச்சு. முன்பு மேஜைக்கு ஒரு மோட்டார் முனகியது என்றால், இப்போது ஹாலில் நூறு மோட்டார்கள் சேர்ந்து முனகின.

டெசிபல் கணக்கு இங்கே கொஞ்சம் கொடுமையானது. ஒரே அளவு சத்தமுள்ள இரண்டு மெஷின் சேர்ந்தால் 3 டெசிபல்தான் கூடும். பத்து சேர்ந்தால் 10. அதைத் திருப்பிப் பார்த்தால், பத்து மெஷினில் ஒன்றை முழுவதுமாக நிறுத்தினாலும் அரை டெசிபல்கூடக் குறையாது. ஒரு முதலாளி நல்ல மனதோடு நாலைந்து மோட்டாரை மட்டும் மாற்றிப் பார்த்திருந்தால் அவருக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. எல்லாவற்றையும் மாற்றினால்தான் காது உணரும். எல்லாவற்றையும் மாற்றுவதற்குக் காதை விடப் பெரிய காரணம் தேவைப்பட்டது.

அந்தக் காரணம் கரண்ட் பில். டெய்லரின் நேரத்தில் பெரும்பகுதி துணியை எடுப்பதிலும் திருப்புவதிலும் அடுக்குவதிலும்தான் போகிறது. ஊசி ஓடுவது கொஞ்ச நேரமே. கிளட்ச் மோட்டாரோ நாள் முழுக்க மின்சாரம் குடித்தது. 2008-க்குப் பிறகு தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாகி, டீசல் ஊற்றி ஜெனரேட்டர் ஓட்ட வேண்டி வந்தபோது இந்த வீண்செலவு உறைத்தது. சர்வோ மோட்டார் பெடலை மிதித்தால் மட்டும் ஓடும், விட்டால் நின்றுவிடும். அதன் அடுத்த படிதான் டைரக்ட் டிரைவ். மோட்டார் மெஷினின் மெயின் ஷாஃப்டிலேயே உட்கார்ந்துவிடுகிறது. பெல்ட் இல்லை, புல்லி இல்லை, கிளட்ச் இல்லை. ஜூக்கி, ஜாக் மெஷின்கள் இப்போது இப்படித்தான் வந்து இறங்குகின்றன.

ஊசிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருந்த அத்தனை தளர்ச்சியும் ஒரே வீச்சில் காணாமல் போனது. திருப்பூரின் தையல் ஹால்கள் அமைதியானது யாரும் அமைதியைக் கேட்டதால் அல்ல என்பது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அது நடந்தது, நல்லதாக நடந்தது.

ஓட்டம் கடத்துகிற வழியில் சத்தம் எப்படிப் பிறக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார். 1961-ல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஹெரால்டு காரைத் தயாரிக்கத் தொடங்கியது. அந்த ஹெரால்டின் சேஸியையே குறுக்கி மறு ஆண்டு இங்கிலாந்தில் வந்த இரண்டு இருக்கை வண்டிதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். எடை 700 கிலோவை ஒட்டித்தான். இப்படிப்பட்ட வண்டியை முழுதாகப் பிரித்துக் கட்டுகிறவர் எஞ்சினைப் புதிதுபோல ஆக்கிய பிறகும், ஓட்டிப் பார்த்தால் கீழேயிருந்து ஒரு ஊளை கேட்கும். ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டால் டிஃபரென்ஷியல் பற்கள் ஒரு முகத்தில் சரியாகப் பதியவில்லை. காலை எடுக்கும்போது மட்டும் வந்தால் மறுமுகத்தில். வண்டி நகரும்போது ‘டக்’ என்றால் யுனிவர்சல் ஜாயின்ட் தேய்ந்திருக்கும். பழைய பட்டறைக்காரர்கள் பல்லில் செந்தூரக் குழம்பைத் தடவிச் சுற்றிப் பார்ப்பார்கள். பல்லின் நடுவில் பட்டையாகத் தேய்ந்தால் சரி, ஓரத்தில் தேய்ந்தால் ஷிம் மாற்ற வேண்டும். பற்களுக்கு இடையே விடுகிற இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, ஒன்றரைதான். கூடினால் தட்டும், குறைந்தால் ஊளையிடும்.

கனமான அம்பாசிடர் இந்தக் குறைகளை எல்லாம் தன் எடைக்குள் மூடிவிடும். மெல்லிய தகடு போட்ட சிறிய வண்டி எதையும் மூடாது. ரப்பர் புஷ்ஷை எடுத்துவிட்டு ரேஸ் வண்டிபோல இறுக்கமாகப் போல்ட் போட்டால் ஓட்டம் கச்சிதமாகும், சத்தம் முழுவதும் உடம்புக்குள் வந்துவிடும். 1988-ல் கோவையில் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கொண்டுவந்தபோது அது பரவாயில்லை. ரேஸ் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு அது ஆகாது. தரையில் கம்பளமும் ஃபெல்ட்டும் ஒட்டி மறைக்கிறவர்கள் உண்டு. அப்படி ஒட்டினால் எடை கூடும், ஊளை கொஞ்சம் மழுங்கும், தேய்கிற பல் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். இதில் என் கட்சி தெளிவானது: சத்தத்தை அது பிறக்கிற இடத்தில் போய்ப் பிடிக்க வேண்டும்.

திருப்பூரின் நிட்டிங் பக்கம் இதை முன்பே புரிந்துகொண்டவர்கள் உண்டு. தொண்ணூறுகளில் ஐரோப்பாவிலிருந்தும் தைவானிலிருந்தும் பழைய வட்டப் பின்னல் மெஷின்கள் இறங்கின. அவற்றைப் பிரித்துக் கட்டிக் கொடுக்கிற ஆட்கள் இந்த ஊரில் உருவானார்கள். 30 இன்ச் சிலிண்டரைச் சுற்றுவது அடியில் இருக்கும் ஒரு பெரிய பல்சக்கரம். அதில் தளர்ச்சி இருந்தால் சத்தம் மட்டும் வராது, துணியில் கோடு விழும். கோடு விழுந்த துணியை பையர் திருப்பி அனுப்புவார். அதனால் அங்கே பல்லின் இடைவெளியை டயல் கேஜ் வைத்துப் பார்த்தார்கள், எண்ணெய்க் குளியலைச் சுத்தமாக வைத்தார்கள், மோட்டாருக்கு இன்வெர்ட்டர் போட்டு மெல்ல எடுக்கும்படி செய்தார்கள். தையல் ஹாலில் தளர்ச்சியால் கெட்டது துணி அல்ல, ஆளின் காது. அதை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

இன்று நெருப்பெரிச்சலிலோ நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவிலோ ஒரு பெரிய யூனிட்டுக்குள் போனால் ஸ்பீக்கரில் ஓடுகிற பாட்டின் வரி புரிகிறது. சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து சாதாரணக் குரலில் பேசுகிறார். “என்னங்க்கா, ஊருக்கு எப்போ?” என்று பக்கத்து மெஷினில் கேட்பது காதில் விழுகிறது. அடியில் இருந்த பெரிய இரைச்சல் விலகியதும் அதற்குள் ஒளிந்திருந்தவை வெளியே வந்தன. கம்ப்ரஸரின் தட்டல், ஓவர்லாக் வெட்டுகிற துணித்துகளை உறிஞ்சுகிற காற்றுக் குழாயின் சீற்றம். இவை முன்பும் இருந்தவைதான். கம்ப்ரஸரைக் கட்டடத்துக்கு வெளியே தனி அறையில் வைத்தவர்கள் பாதி வேலையை முடித்துவிட்டார்கள்.

கழற்றிய கிளட்ச் மோட்டார்கள் எங்கே போயின என்பதுதான் என்னை உறுத்துகிற விஷயம். இரும்புக்கடைக்குப் போனவை கொஞ்சம். மற்றவை செகண்ட் ஹேண்டில் கைமாறி, ஜாப் ஒர்க் எடுக்கிற சின்ன யூனிட்டுகளுக்குப் போயின. வேலம்பாளையம் பக்கம், ஊத்துக்குளி ரோட்டுச் சந்துகளில், வீட்டு மாடியில் ஷீட் போட்ட ஹாலில் அவை இன்னமும் முனகுகின்றன. தகரக் கூரையும் வெறும் சிமென்ட் சுவரும் அந்த முனகலை அப்படியே திருப்பித் தருகின்றன. பீஸ் ரேட்டில் நாலு காசு பார்க்கிற அந்த முதலாளியும் பெரும்பாலும் ஒரு பழைய டெய்லர்தான். மொத்தமாக சர்வோவுக்கு மாற அவரிடம் முதல் இல்லை.

அதுவரை செய்யக்கூடியவை இருக்கின்றன, பெரிய செலவும் இல்லை. மோட்டாரை மேஜையில் நேரடியாக முடுக்காமல் நடுவில் கெட்டியான ரப்பர் துண்டு கொடுக்கலாம். மெஷின் தலைக்கு அடியில் இருக்கிற ரப்பர் கட்டைகள் கல்லாக இறுகியிருந்தால் மாற்றலாம். பெல்ட்டைத் தேவைக்கு மேல் இறுக்குவது பேரிங்கைக் கொல்லும். விரலால் அமுக்கினால் கொஞ்சம் இறங்க வேண்டும். கார்க் தட்டு தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும். மேஜையின் கால்களைத் தரையில் ஆடாமல் நிறுத்தினாலே பலகையின் கத்தல் குறையும். பழைய மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டு இவற்றைத்தான் செய்தார்.

நம் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று எல்லை வைத்தன. திருப்பூரில் வேலை ஒன்றரை ஷிப்ட், அதாவது 12 மணி நேரம். அதே விதியின் கணக்கை நீட்டினால் 12 மணி நேரத்துக்கு 87-ஐத் தாண்டக் கூடாது. இரைச்சலால் காது மந்தமாவது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருந்தது, இ.எஸ்.ஐ. பட்டியலிலும் உண்டு. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும் மெல்லிய ஒலிகள். பேரப்பிள்ளை பேசுவதில் சில எழுத்துகள் மட்டும் பிடிபடாது. ஆளுக்கு வயதாகிவிட்டது என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். இருபது வருடம் மெஷினில் உட்கார்ந்தவர் ஒரு முறையாவது காதைச் சோதித்து அதைக் காகிதத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். உரிமை கேட்க அந்தக் காகிதம்தான் வேண்டும். இ.எஸ்.ஐ. கட்டாயமாவது பத்துப் பேராவது வேலை செய்கிற இடத்தில். கிளட்ச் மோட்டார் இன்னும் முனகுகிற சந்துகளில் பல யூனிட்டுகளுக்கு எட்டு மெஷின்தான்.