வீட்டுக் கொல்லைக்கு வரும் குருவிக்கு என்ன போடுகிறோம்?

காலையில் கொல்லையில் ஒரு கைப்பிடி கம்பு தூவினால் போதும். சிட்டுக்குருவியும் புள்ளிப்புறாவும் காலடி வரை வந்து மேய்கின்றன. தினமும் ஒரே நேரம், ஒரே ஆள், எந்த ஆபத்தும் நேரவில்லை என்று பழகிய பிறகு காட்டுப் பறவைக்கு அச்சம் குறைந்துவிடுகிறது. அப்படிப் பழகிய பறவை, நாம் தூவுவதை யோசிக்காமல் கொத்தும். கவனமாக இருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் பதறிப்போய் அழைத்தார். அவர் வீட்டு வாசலில் ஐந்து புறாக்கள் பறக்க முடியாமல் தள்ளாடின; மாலைக்குள் இறந்தன. விதைத்தது போக மீந்த சோள விதையைத் தூவியிருக்கிறார். "நல்லாக் கழுவிட்டுத்தானுங்க சார் போட்டேன்" என்றார்.

சோளத்தில் குருத்து ஈயைத் தடுக்க இமிடாகுளோபிரிட் மருந்தில் விதைநேர்த்தி செய்வது வழக்கம். தானியம் உண்ணும் பறவைகளுக்கு இது கடும் நஞ்சு. கழுவினாலும் மருந்து முழுதாக நீங்காது. கழுவிய தண்ணீரும் ஆபத்துதான். விதைக்குச் சிவப்பு, இளஞ்சிவப்பு என நிறம் ஏற்றுவதே 'உண்ணக் கூடாது' என்று எச்சரிக்கத்தான். அந்த எச்சரிக்கை நமக்குப் புரியும், குருவிக்குப் புரியாது.

எனவே தேவையான அளவுக்கு மட்டும் விதைநேர்த்தி செய்யுங்கள். மீந்ததை உணவுக்கோ, கோழித் தீவனத்துக்கோ, பறவைகளுக்கோ போடாதீர்கள். வயலில் சிந்திய விதையை உடனே மண்ணால் மூடுங்கள்.

வீட்டில் இரை வைப்போர், அரை மணி நேரத்தில் தீரும் அளவு கம்பு, தினை, நொய் வைத்தால் போதும். மிக்சர், உப்பிட்ட பண்டங்கள் வேண்டாம். பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் நஞ்சு இருக்கலாம், அதையும் தவிர்க்கவும். அகலமான மண்சட்டியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம். சட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். இங்கிலாந்தில் 2005-ல் பச்சை ஃபின்ச் பறவைகளிடம் தோன்றிய ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி நோய், பல பறவைகள் கூடி உண்ணும் இரையாலும் தண்ணீராலும் பரவி, அந்த இனத்தையே பெருமளவு குறைத்துவிட்டது.

இந்த அக்கறை வயலுக்கும் நல்லது. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுகளுக்குப் புழு, பூச்சிகளையே ஊட்டுகிறது. பயறு வயலில் ஹெக்டேருக்கு 50 பறவை இருக்கைகள் நட்டால், கரிச்சானும் மைனாவும் அமர்ந்து காய்ப்புழுக்களைப் பிடிக்கும்.

அந்த விவசாயி இப்போது விதைக்கென்று தனி டப்பா வைத்து, மேலே சிவப்பு மையில் 'விஷம்' என்று எழுதியிருக்கிறார். புறாக்கள் மறுபடி அவர் வாசலுக்கு வர நான்கு மாதங்கள் ஆயின.