செயினுக்கு டென்ஷன் வேணும் சார்!

மனுஷனுக்கு டென்ஷன் கூடாது என்று டாக்டர் சொல்கிறார், மேனேஜர் கொடுக்கிறார். ஆனால் டென்ஷன் இல்லாவிட்டால் உருப்படாத ஒரு ஐட்டம் உண்டு. கார் இன்ஜினுக்குள் இருக்கும் டைமிங் செயின்!

எனக்கு இதைப் புரிய வைத்தவர் குன்னூரில் பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு வைத்தியம் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர். (எம்.ஜி. என்றதும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. இது இங்கிலாந்து எம்.ஜி!) 1955-ல் வந்த எம்.ஜி.ஏ.வில் இருந்தது 1489 சி.சி., பி-சீரிஸ் இன்ஜின். 1959-லிருந்து நம்ம அம்பாசிடரில் ஓடியதும் அதே குடும்பத்து இன்ஜின்தான். ஆக, வெள்ளைக்கார ஹீரோவும் நம்மூர் டாக்ஸியும் பங்காளிகள். 1962-ல் வந்த எம்.ஜி.பி.யில் இதையே 1798 சி.சி.யாகப் பெரிசு பண்ணினார்கள்.

கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. வால்வுகள் நேரத்துக்குத் திறந்து மூட இந்தக் கணக்கு தப்பக் கூடாது. கணக்கைக் காப்பாற்றுவது செயின். நாளாக ஆக அதன் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து, செயின் நீளும். அந்தத் தொளதொளப்பை அழுத்திப் பிடிப்பவர்தான் டென்ஷனர். எம்.ஜி.பி.யில் ஸ்பிரிங்கும் ஆயில் பிரஷரும் சேர்ந்து ஒரு பிளஞ்சரைத் தள்ள, அதன் ரப்பர் முகம் செயின் மேல் சாய்கிறது. பின்வாங்காமலிருக்க உள்ளே ஒரு பூட்டு!

ஊட்டியில் ஜனவரிக் காலை, புல்லெல்லாம் உறைபனி. ராத்திரி ஆயில் கீழே இறங்கியிருக்கும். குளிரில் கெட்டியாகவும் இருக்கும். ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி ‘கரகர’.

“அது கொட்டாவி தம்பி, பயப்படாதே. சூடான பிறகும் கரகரத்தால் அது இருமல். உடனே கவனிக்கணும்” என்றார் அண்ணன்.

கவனிக்காவிட்டால்? கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஆக்ஸிலேட்டரில் கால் எடுப்பதும் வைப்பதுமாக இருக்க, தளர்ந்த செயின் சாட்டை மாதிரி ஆடும். ஒரு பல் தாண்டினாலே இன்ஜின் இழுக்காது. அறுந்தால், பல இன்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வில் இடித்துவிடும். பின்னால் பஸ் ஹாரன், பக்கத்தில் பள்ளம்... தேவையா?

அண்ணனின் வைத்தியம் எளிது. நேரத்துக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றணும். கசடு சேர்ந்தால் டென்ஷனருக்கு ஆயில் போகும் சின்னத் துவாரம் அடைத்துக்கொள்ளும். கவரைத் திறந்தால் ரப்பரில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கணும். செயின் மாற்றும்போது பல் சக்கரங்களையும் சோதிக்கணும். பழைய பல் புதுச் செயினைச் சீக்கிரம் தின்றுவிடும். டென்ஷனரை மாட்டிய பிறகு பிளஞ்சரின் பூட்டை விடுவிக்க மறக்கவே கூடாது.

“ஸ்போர்ட்ஸ் காருக்கு நான் எங்கே போக?” என்கிறீர்களா? ஆபீசுக்கு ஓட்டிப் போகிறீர்களே ஸ்ப்ளெண்டர், அதற்குள்ளும் டைமிங் செயின் இருக்கிறது சார், டென்ஷனரும் இருக்கிறது. நாளைக் காலை ஸ்டார்ட் செய்ததும் ஹெல்மெட் மாட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் காது கொடுங்கள்.

கொட்டாவியா, இருமலா?