முத்துக்குளித்துறைச் சிறுவர் மறைக்கல்வியில் ஒரு சொல் திருத்தம்

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர் தமிழறியாதவர். போர்த்துக்கேயம் அறிந்த தமிழர் துணையுடன் மன்றாட்டுகளைத் தமிழாக்கி, தாமும் மனப்பாடம் செய்து, மணியடித்துத் திரட்டிய சிறுவரை ஓதச் செய்தார். எழுத்தறிவு வேண்டாத இம்முறையில் கற்ற சிறுவரே வீட்டில் பெற்றோர்க்கு ஆசிரியராயினர். ஆகவே பாடத்தில் நேர்ந்த பிழையும் வீடுதோறும் சென்றது. விசுவாசப் பிரமாணத்தில் ‘நம்புகிறேன்’ என்னும் பொருள்பட வேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என ஓதப்பட்டது. வேண்டுதல் வேறு, நம்புதல் வேறு. இதனை உணர்ந்த சேவியர், 1544இல் உடன்பணியாளர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் ‘விசுவாசம்’ என்னும் சொல்லை ஆளுமாறு பணித்தார். முன்னையது சிறுவர் நாவில் அன்றாடம் பயின்ற சொல்; பின்னையதோ வடசொல். எளிமையைவிடப் பொருட்செம்மையே இங்கு முதன்மை பெற்றது. வெறும் ஓதலோடு நில்லாது வினாவிடையாக விளக்கும் சிறுவர் பாடம், என்றிக்கே என்றீக்கசு தமிழாக்கிய ‘கிரிசித்தியானி வணக்கம்’ வழி 1579இல் கொச்சியில் அச்சேறியது.