காணாக்கடியும் மருந்தைக் குறைக்கும் காலமும்

உடலில் திடீரெனச் செந்தடிப்புகள் எழுந்து, தாங்கவொண்ணா அரிப்பைத் தந்து, ஒரு நாள் கழியுமுன் சுவடின்றி மறையும் நோயைக் காணாக்கடி என்று நம் முன்னோர் வழங்கினர். கண்ணுக்குப் புலப்படாத ஏதோவொன்று கடித்தது என்பது அப்பெயரின் கருத்து. இந்நோயுற்றோர் இன்றும் முதலில் தேடுவது அந்தக் கடியைத்தான்.

பெங்களூரைச் சேர்ந்த தொம்மலூரில் வாழும் ஆசிரியை ஒருவருக்கு இந்நோய் கண்டதாகக் கொள்வோம். பெங்களூர்க் காற்று ஒவ்வவில்லை என்பார் ஒருவர். கத்தரிக்காயை விலக்குக என்பார் மற்றொருவர். சில நாட்களில் அடங்கும் காணாக்கடிக்கு உணவோ, மருந்தோ, தொற்றோ காரணமாதல் உண்டு. ஆனால் ஆறு வாரங்களைக் கடந்து நீடிக்கும் நாட்பட்ட காணாக்கடியில் பெரும்பாலும் வெளிக் காரணம் எதுவும் அகப்படுவதில்லை.

காரணம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. தோலில் மாஸ்ட் செல்கள் என்னும் உயிரணுக்கள் உள்ளன. 1878ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் இவற்றிற்குப் பெயரிட்டார். இவை கிளர்ச்சியுற்று ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளிவிடும்போது தடிப்பும் அரிப்பும் தோன்றுகின்றன. நோயாளிகள் சிலரின் இரத்தத்தில் இவ்வுயிரணுக்களைத் தூண்டும் எதிர்ப்பொருள்கள் உள்ளன என்பது 1993இல் வெளியான ஆய்வால் தெளிவாயிற்று.

செட்டிரிசின், லோரடடின் போன்ற மாத்திரைகள் ஹிஸ்டமினின் செயலைத் தடுக்கின்றன. நோயின் மூலத்தை அகற்றுவதில்லை. எனினும் இந்நோய் பெரும்பாலோர்க்குச் சில ஆண்டுகளில் தானே தணிகிறது. மருந்து, மழை ஓயும்வரை பிடிக்கும் குடையை ஒத்தது. ஆயின் குடைக்குள் நிற்பவருக்கு மழை ஓய்ந்தது எவ்வாறு தெரியும்? தடிப்பில்லாமை மருந்தின் பயனா, நோய் தணிந்ததன் அடையாளமா என்பதை மருந்தைச் சிறிது குறைத்துப் பார்த்தே அறியவியலும்.

இங்குதான் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. தடிப்பு மறைந்த மறுநாளே மாத்திரையை நிறுத்துவோர் சிலர். தடிப்பு திரும்பியதும் மருந்தின்மீதே நம்பிக்கை இழப்பர். அச்சத்தால் தேவையின்றிப் பல்லாண்டுகள் உட்கொள்வோர் வேறு சிலர்.

முதற்கண், நோயின் அளவைக் குறித்து வைத்தல் வேண்டும். தடிப்புகள் இல்லையெனில் 0, இருபதுக்குக் குறைவெனில் 1, ஐம்பது வரை 2, அதற்கு மேல் 3. அரிப்புக்கும் அவ்வாறே 0 முதல் 3 வரை. நாளொன்றுக்கு மிகுதியான மதிப்பு 6; வாரத்திற்கு 42. வாரந்தோறும் 0 என்னும் நிலை மூன்று மாதங்களேனும் நீடித்தபின் குறைக்கத் தொடங்குவது வல்லுநர் கூறும் நெறி. மருத்துவர் மேற்பார்வையில் நாளொன்றுக்கு நான்கு மாத்திரை வரை உயர்த்தப்பட்டவர், மாதத்திற்கு ஒரு மாத்திரைக்கு மேற்படாமல் குறைத்துவரலாம். தடிப்பு மீண்டால், முன்பு பயன் தந்த அளவிற்கே திரும்புதல் வேண்டும். அது தோல்வியன்று, காலம் இன்னும் கனியவில்லை என்பதே பொருள். மாத்திரைக்கு அடங்காதோர்க்கு 2014 முதல் ஓமலிசுமாப் ஊசி மேலை நாடுகளில் ஏற்கப்பட்டது. அதனைக் குறைக்குங்கால் மருத்துவர் ஊசிகளுக்கு இடைப்பட்ட காலத்தைப் படிப்படியாக நீட்டுவதுண்டு.

மற்றொன்றும் அறியத்தக்கது. செட்டிரிசினையோ லீவோசெட்டிரிசினையோ நெடுங்காலம் நாள்தோறும் உட்கொண்டு நிறுத்துவோரில் அரிதாகச் சிலர்க்குச் சில நாட்களில் கடும் அரிப்பு உண்டாகலாமென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2025இல் எச்சரித்தது. தடிப்பின்றி அரிப்பு மட்டும் தோன்றின், நோய் திரும்பிற்றென உடனே முடிவு கட்டாமல் மருத்துவரை நாடுக.

ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்ளுதல் இந்நோய்க்கு முறையன்று. ஆஸ்பிரின் போன்ற வலிநீக்கிகள் சிலர்க்குத் தடிப்பை மிகுவிக்கும். நா வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

கிராமங்களில் பணியாற்றுவோரும் ஆசிரியர்களும் இந்நோயாளிகளைக் காணும்போது ஒரு குறிப்பேட்டைத் தொடங்கச் சொல்வார்களாயின், அதுவே பேருதவியாகும். காணாத கடியைத் தேடிக் களைப்பதினும், கண்ட தடிப்பை நாள்தோறும் எண்ணி எழுதுவது மருந்திலிருந்து விடுபடும் நாளை விரைவில் காட்டும்.